மஞ்சள் நீரில் ஊறிய அம்பு

அம்பு செய்யத் தெரியும் என்று நான் சொன்னது பாதிப் பொய். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் பிரம்பு நாற்காலி செய்யும் பட்டறையில் எட்டு மாதம் இருந்தேன். பிரம்பைத் தணலில் காட்டி வளைக்கவும் நிமிர்த்தவும் பழகியிருந்தேன். பட்டறையை மூடியதும் நடந்தே தொண்டாமுத்தூர்ப் பக்கம் வந்தேன். அது ஐம்பதுகளின் கடைசி.

அங்கே ஓர் ஊரில் விஜயதசமிக்கு அம்மன் கோயிலில் அம்பு போடுவார்கள். நட்டுவைத்த வாழைதான் அசுரன். பூசாரி பத்தடி தள்ளி நின்று வில்லை வளைப்பார். முதல் அம்பு வாழையில் தைத்து நிற்க வேண்டும். விழுந்தால் மழை வராது என்று மானாவாரிக் காட்டில் யாரும் விதைக்கமாட்டார்கள். முந்தைய வருடம் விழுந்திருந்தது. மழையும் பொய்த்தது. அம்பு செய்தவனை அடித்துத் துரத்திவிட்டார்கள். அந்த வேலைதான் எனக்குக் கிடைத்தது. மூன்று வேளைச் சோறு, படுக்கக் கோயில் மண்டபம்.

மூன்று பிரம்பைப் பொறுக்கி, கணுக்களைச் செதுக்கி, தணலில் காட்டி ஈரச் சாக்கால் பிடித்து நிமிர்த்தினேன். கொல்லர் அடித்துத் தந்த இரும்பு முனையைச் செருகினேன். மயில் உதிர்த்த சிறகைப் பிளந்து வாலில் மூன்று பக்கமும் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினேன். பசை கல்லாகக் காய்ந்தது. அதனால் இறகின் மேல் நூல் சுற்றிக் கட்டவில்லை.

அம்புக்கும் அபிஷேகம் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

விஜயதசமியன்று சாயங்காலம் பூசாரி மூன்று அம்பையும் அண்டாவில் வைத்து மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். தீபாராதனை முடியும்வரை அவை ஊறின. எட்டிப் பார்த்தேன். ஓர் இறகு தனியே மிதந்தது.

பக்கத்தில் நின்ற ஊர்க்கவுண்டர், "இந்த வருசமும் உளுந்துச்சுன்னா, வாழைக்குப் பதிலா செஞ்சவனையே நட்டுப்போடலாமுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஓடியிருக்கலாம். தடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் பெண்கள் விதைச்சோளத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள், அம்பு தைத்ததும் வாழைச்சாற்றில் தொட்டுப் போவதற்காக. அதைப் பார்த்த பிறகு கால் நகரவில்லை. வில்லோடு வந்த பூசாரியின் குறுக்கே போய் நின்றேன்.

"ஏனுங்க, இறகு உட்டுப்போச்சுங்க. நான் நூல் சுத்தலீங்க."

"அடப்பாவி! இப்பவா வந்து சொல்றே?"

"மிச்சத்தையும் பிச்சுப்போடுங்க. ஒருபக்கம் மட்டும் இருந்தா இழுத்துட்டுப் போயிரும். மொட்டையா உட்டா முனைக்கனத்துல நேராப் போகுமுங்க."

"போகுமா?"

"போகுமுங்க."

எனக்குத் தெரியாது. வாழ்நாளில் ஓர் அம்புகூட நான் விட்டதில்லை.

அவர் நகத்தால் இறகுகளை வழித்து மடியில் செருகிக்கொண்டார். மேளம் நின்றது. வில் வளைந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சதக் என்று ஒரு சத்தம். திறந்தபோது அம்பு வாழையில் முழங்கால் உயரத்தில் தைத்து, வால் கீழே தொய்ந்து ஆடியது. ஆட்டம் அடங்கியது. அம்பு விழவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள்.

கவுண்டர் குனிந்து பார்த்தார். "பூசாரி, அம்பு என்னுங்க மொட்டையா இருக்குது?"

"ஆத்தா உடற அம்புக்கு எறகு எதுக்குங்க?" என்றார் பூசாரி, முகம் மாறாமல்.

மற்ற இரண்டையும் வானத்தைப் பார்த்து விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "மழை வர்ற வரைக்கும் இங்கியே கெட. வரலீன்னா ரெண்டு பேருமாச் சேந்து பதில் சொல்லோணும்."

பன்னிரண்டு நாள் கிடந்தேன். எந்த ஊரிலும் அப்படி வானத்தையே பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் பிடித்த மழை மண்டபத்துக்குள்ளும் சாரலடித்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், நனைந்தபடியே கிளம்பினேன்.