அண்ணனின் காரும் நான் பூசிய வெள்ளி வண்ணமும்

அண்ணனை வழியனுப்பி ஓராண்டாகிறது. அவரைப் பற்றி நம் வீடுகளில் சிரித்துச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. அதை நடந்தபடி எழுதிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊத்தங்கரைக்கு அருகே, மழையை மட்டும் நம்பிய இரண்டு ஏக்கர் குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா இளமையிலேயே மறைந்ததால், ஐ.டி.ஐ. முடித்ததும் ஓசூர் வந்து ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தார். தங்கையான என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தது அவருடைய ஷிப்டுகள்தாம். சோதிக்காமல் எதையும் பழுதென்று அவர் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் ஒரு பழைய கார் வாங்கினார். தமக்கென்று அவர் விரும்பி வாங்கியது அது ஒன்றே.

அவர் நோயுற்று, அண்ணியும் உடன் பெங்களூரு மருத்துவமனையில் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்குப் புது வண்ணம் பூசிப் பொட்டு வைப்பார்கள் அல்லவா, நானும் காரைக் கழுவினேன். டிக்கிக்குள் துருப்பிடித்திருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடமெங்கும் வெள்ளி வண்ணம் பூசி, காய்ந்தபின் அதிலிருந்த வயரோடு மீண்டும் முடுக்கினேன். அண்ணிக்கு இது தெரியாது.

அடுத்த சிகிச்சைக்கு முன் நான்கு நாள் வீட்டில் இருக்க அனுமதித்தார்கள். அண்ணியைக் கெலவரப்பள்ளி அணைக்குத் தாமே ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. சாவியைத் திருப்பினார். டிக்கிக்குள் பெட்ரோலை இழுக்கும் மின்பம்பின் டிக் டிக் ஓசை எழவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "பம்பு போயிருச்சுங்க சார். புதுசு வர பத்து நாளாவும்" என்று சொல்லிப் போனார். அண்ணனிடம் பத்து நாள் இல்லை.

காரின் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்தார். பியூஸ் நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பம்புக்கு வரும் வயரில் வைத்தார். மறுமுனையை நீண்ட வயரால் பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தோடு நான் இணைத்தேன். விளக்கு எரிந்தது. மறுமுனையைப் பேட்டரியிலிருந்து எடுத்துப் பம்பின் உடலில் வைத்ததும் அணைந்தது.

"கரண்டு வருது பாப்பா. திரும்பிப் போவத்தான் வழியில்ல" என்றவர், பம்பிலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் எர்த் வயரை விரலால் தொடர்ந்தார். விரல் அந்தப் போல்ட்டில் நின்றது. வண்ணப் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் அடிச்சிருக்க. நான் பக்கத்துல நின்னிருந்தா எனக்கும் ஒரு கோட்டு அடிச்சிருப்ப."

உப்புத்தாளால் அந்த இடத்தை நான் தேய்த்து முடுக்கியதும் பம்பு ஒலித்தது. ஓசை கேட்டு வந்த அண்ணி, "என்னங்க ஆச்சு?" என்றார்.

"எர்த்து மேல பெயின்ட். ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி நான்தான் அடிச்சுத் தொலைச்சிருக்கேன்" என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

"இத்தன வருசம் கரண்டு வேல பாத்தவரு செய்யிற காரியமா இது?" என்று அண்ணி சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. நான் உப்புத்தாளை மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை இருவரும் அணைக்குப் போய்த் திரும்பினார்கள். நான்காம் நாள் மருத்துவமனைக்குச் சென்ற அண்ணன் வீடு திரும்பவில்லை. பதினாறாம் நாள் துக்கத்திலும் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சற்றே சிரித்தோம். அன்றும் உண்மையை நான் சொல்லவில்லை.

இரத்தம் கொடுத்த ஷிப்டு நண்பர்களுக்கும், இரவு பகலாய்ப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். உங்களிடம் இப்போது சொல்கிறேன். அந்தப் பிழை என்னுடையது. இனி இக்கதையைச் சொல்லும்போது என் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள்.