திண்டிவனம் போய் வந்த கம்பளம்

என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்பளத்தை நான் கழுவவே இல்லை. இதை அவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

சிவப்பில் வெள்ளைப் பூப்போட்ட சுத்தக் கம்பளி. எண்பதுகளில் விழுப்புரத்தில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படியொன்று கிடையாது. அழுக்கேறியதும் டிரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்த்தார். துணியில் சிவப்பு ஒட்டியது. தண்ணீரில் முக்கினால் சாயம் பூவில் இறங்கிவிடும், சலவைச் சோடா போட்டால் கம்பளி விறைத்துப்போகும் என்றார். பெட்ரோல் வாஷ் செய்தால் அடிப்பக்கத்துப் பசை விட்டுவிடுமாம். சோப்பு நுரையை மட்டும் மேலாகத் தடவி, மெத்தென்ற பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் பயமில்லை என்று அப்படியே செய்தும் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் திண்டிவனத்திலிருந்த என் அக்கா, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கம்பளத்தைக் கேட்டாள். கூடப் பிறந்தவளுக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒப்பித்துத்தான் கொடுத்தனுப்பினேன்.

திரும்பி வந்த கம்பளத்தைப் பிரித்தால், வெள்ளைப் பூவெல்லாம் ரோஸ் நிறம். ஓரமெல்லாம் சுருங்கி, ஒரே சோடா வாடை. அடுத்த பஸ்ஸிலேயே போய்க் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் காபியைக் கொட்டிவிட்டார்களாம், பதற்றத்தில் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டாளாம். அழுதாள். "உன் வூட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் எழுதிக்கினு இருக்காத" என்றாள். பாவமாக இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

லீவில் வந்தவர் மெட்ராஸில் பஸ் ஏறி, வழியில் திண்டிவனத்தில் இறங்கி, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேரே கம்பளத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"தண்ணியில முக்கினா சாயம் எறங்கும். சோடா போட்டா வெறச்சிப் பூடும். பெட்ரோல் வாஷும் ஆவாது, நுரைதான் போடணும். அவ்ளோ தூரம் நான் சொல்லியும் கேக்காம தங்கச்சி தோச்சிட்டாளேன்னு உங்க அக்கா அழுவுறாங்க" என்றார்.

நான் அவளுக்கு ஒப்பித்த அதே வரிசை. ஒன்றையும் விடவில்லை. கடைக்காரரை வேண்டுமானால் கேளுங்கள் என்றேன். அவர் பையைத் திறந்து, அக்கா எனக்காகக் கொடுத்தனுப்பிய வெல்லமும் வேர்க்கடலையும் சேர்த்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையை எடுத்து நீட்டினார்.