சனிக்கு வளர்த்த நாய்

எங்கள் ஊரில் வேண்டாத நாயைக் கைகழுவ ஒரு முறை இருக்கிறது. சாக்கில் போட்டுக் கட்டி, ஆட்களை வாவிக்கு அப்பால் கொண்டுபோகும் மிதவையான படகுப் பாதையில் ஏற்றி, அக்கரையான படுவான்கரையில் அவிழ்த்துவிட்டு, அதே மிதவையில் இக்கரையான எழுவான்கரைக்குத் திரும்பி விடுவார்கள். தண்ணீரைத் தாண்டி நாய் திரும்பி வராது என்று நம்பிக்கை. கொன்ற பாவமும் இல்லை, வளர்க்கும் தொல்லையும் இல்லை. பெட்டை நாயென்றால் இந்த மரியாதை கட்டாயம் கிடைக்கும். காரியம் முடிந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு திரும்பும் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். காறித் துப்ப வேண்டும் போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள் என்பதால் அடக்கிக்கொள்வேன்.

அப்படி இறக்கிவிடப்பட்ட ஒருத்திதான் கறுப்பி. உடம்பெல்லாம் சொறியோடு துறையடியில் நின்று, படகுப் பாதையிலிருந்து இறங்குகிறவர்களின் கால்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லடியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் நாய்க் காப்பகத்துக்கு அவளைக் கொண்டுவந்தோம். சொறி மாறி மயிர் முளைத்தது. கருத்தடையும் செய்தாயிற்று. ஆனால் அத்தனை நாய்களுக்கு நடுவே சோற்றுக்கு முண்டியடிக்க அவளுக்குத் தெரியவில்லை. மற்றவை தின்று முடிக்கும்வரை மூலையில் கிடப்பாள். மிஞ்சினால்தான் சாப்பாடு. அவளுக்கென்று ஒரு வீடு கிடைக்காவிட்டால் இங்கேயே வற்றிச் செத்துப்போவாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வீடு தேடத் தொடங்கிய பிறகுதான் எங்கள் சனத்தின் இலட்சணம் முழுதாக விளங்கியது. நாய் வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் நாயைத் தவிர வேறெல்லாம் கேட்டார்கள். ஒருவருக்குத் தொலைக்காட்சியில் பார்த்த மாதிரிச் சடை நாய் வேண்டுமாம். இன்னொருவர் கறுப்பியைக் குனிந்து பார்த்துவிட்டு, "கடுவன் இல்லையா ரீச்சர்? பெட்டை குட்டி போடுமே" என்றார். கருத்தடை செய்தாயிற்று என்றேன். "ஓம், ஓம்... ஆனாலும் பெட்டைதானே?" என்றார். அந்த மனிதருக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

கடைசியில் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் அரசாங்கக் கந்தோரில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருடைய கழுத்துக்கு இன்னும் எட்டவில்லை. அதை நிமிர்த்தியபடியே கேற்றுக்கு வெளியே நின்று பேசினார்.

"எனக்கு அட்டமத்துச் சனி நடக்குது. மனிசி சாத்திரியாரிட்டக் கேட்டவ. கறுப்பு நாய் ஒண்டை வீட்டில வெச்சு, சனிக்கிழமையில எள்ளுச் சோறு குடுக்கட்டாம். கறுப்பு இருக்கா?"

மளிகைக் கடையில் சீனி இருக்கா என்று கேட்கிற குரல். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். கறுப்பியைக் காட்டினேன். "பெட்டையா?" என்று முகம் சுளித்தார். பின்னால் நின்ற மனைவி, "சாத்திரியார் கறுப்பு எண்டுதான் சொன்னவர். கடுவன் எண்டு சொல்லல்ல" என்று மெல்லச் சொன்னார். கணவர் ஒத்துக்கொண்டார். எனக்கும் வேறு வழியில்லை. அவர்களுடைய வீட்டில் சுற்று மதில் இருந்தது, மாமர நிழல் இருந்தது, சோற்றுக்குப் போட்டியில்லை. மூடநம்பிக்கையானாலும் அந்த வீட்டில் வயிறு நிறையும் என்று கொடுத்தேன்.

நிறைந்தது. போய்ப் பார்த்தபோதெல்லாம் கறுப்பி பளபளவென்று இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு வைரவர் என்று பெயர். பெட்டை நாய் ஆண் தெய்வமாகிவிட்டது, அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. கணவர் அவளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் தூரத்தில் நின்று தட்டைக் காலால் தள்ளிவிட்டுக் கும்பிடுவாராம். சனி பகவானுக்கே அதைப் பார்த்து அருவருத்திருக்கும்.

அடுத்த சனிப்பெயர்ச்சி முடிந்த கையோடு காப்பக வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கணவர் இறங்கினார். பின்னால் கயிற்றோடு கறுப்பி. குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள்.

"சனி மாறிட்டுது ரீச்சர். ஒரு குறையும் வரல்ல. இனித் தேவையில்லைத்தானே. நீங்க பொறுப்பெடுங்க."

இரவல் வாங்கிய உலக்கையைத் திருப்பிக் கொடுப்பது போலக் கயிற்றை என் கையில் தந்தார். மனைவி ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்தேன். படகுப் பாதையில் ஏற்றாமல் விட்டார்களே என்று இவர்களுக்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமாக்கும்!

கறுப்பி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மூலைக்குக்கூடப் போகவில்லை. கேற்றடியில் தெருவைப் பார்த்தபடி கிடந்தாள். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்வாள். மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, இப்படியே விட்டால் தாங்காது என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேரே அந்தச் சாத்திரியாரிடம் போனேன். நாயை வளர்க்கச் சொன்ன வாயால் காலம் முழுக்க வைத்திருக்கவும் சொல்லியிருக்கலாமே என்று சத்தம் போட்டேன். மனிதர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நாய் வளக்கச் சொல்லல்லையே ரீச்சர். சனிக்கிழமையில கறுப்பு நாய் ஒண்டுக்குச் சோறு வைக்கத்தான் சொன்னன். ரோட்டில நிக்கிற நாயே போதும். நாய் இல்லாட்டி காகத்துக்கு வெச்சாலும் சரி."

வெளியே வந்தேன். வெயிலில் நின்றபடியே அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவிதான் பேசினார். நான் யாரென்று சொன்னதுமே, "அவள் சாப்பிடுறாளா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சாத்திரியார் சொன்னதையும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான்தான் கூட்டிச் சொன்னன் ரீச்சர். எனக்குச் சின்ன வயசில இருந்து நாயெண்டா உயிர். இவர் விடமாட்டார். கலியாணம் முடிச்ச நாளில இருந்து கேட்டுப் பாத்திட்டன். நான் சொன்னா இவர் கேக்கமாட்டார். சனி சொன்னாக் கேப்பார்."

அந்த அம்மாவின் மேல் இருந்த வெறுப்பு கரைந்தது. ஆனால் அது வீணாகப் போகவில்லை, அவருடைய புருசனின் பங்கோடு சேர்ந்துகொண்டது. ஆசைப்பட்டு ஒரு நாய் வளர்க்கச் சனீஸ்வரனைச் சிபாரிசுக்குக் கூப்பிட வேண்டிய வீடு! அதற்கு ஒரு குடும்பத் தலைவர், அவருக்கு ஒரு நிமிர்ந்த கழுத்து!

"இனி உங்கட வீட்டில யாருக்குச் சனி?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். இந்தப் பெயர்ச்சியோட ஏழரைச் சனி தொடங்கியிருக்கு. ஆனா எனக்கெண்டா இவர் கணக்கெடுக்கமாட்டார்."

"மனிசியைப் பிடிச்ச சனி மனிசனைச் சும்மா விடுமா? அதைச் சொல்லுங்க. ஏழரை வருசமும் கறுப்பி வீட்டில உயிரோட இருந்தாத்தான் அவர் தப்புவார் எண்டும் சொல்லுங்க. சாத்திரியார் மறுக்கமாட்டார். இப்பத்தான் அவரோட கதைச்சிட்டு வாறன்."

அந்த அம்மா சிரித்தார். அழுகை விட்டுப்போகாத சிரிப்பு.

மறுநாள் காலையிலேயே ஆட்டோ வந்துவிட்டது. கணவர் கேற்றைத் திறந்து, பளபளக்கும் சப்பாத்தோடு நாய்ப் பீயை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். கறுப்பி ஆட்டோவுக்குள் இருந்த அம்மாவைக் கண்டு எழும்பப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தாள். கணவருக்கு முகம் வெளுத்துப்போனது.

"ரீச்சர், இது ஏழரை வருசம் இருக்குமா?"

"நல்லாப் பாத்துக்கொண்டா இருக்கும். இடையில ஏதும் நடந்தா என்னைக் கேக்கக்கூடாது" என்றேன்.

என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும், மீன் கொடுக்கலாமா, வைத்தியரிடம் மாதம் ஒருமுறை காட்டினால் போதுமா, இரவில் பனி படாமல் எங்கே படுக்க விடுவது என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது இந்த மனிதர் இதில் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாரா? ஒவ்வொன்றுக்கும் இல்லாத கண்டிப்பையெல்லாம் சேர்த்துப் பதில் சொன்னேன். ஒரு ஆளை இவ்வளவு ஆசை தீர நான் இகழ்ந்ததில்லை.

அவரே குனிந்து கறுப்பியைத் தூக்கினார். சட்டையில் மண் படப்பட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் மனைவியின் மடியில் வைத்துவிட்டு, "தம்பி, குழியில விடாம மெல்லமாப் போங்க" என்று ஆட்டோக்காரரிடம் கெஞ்சினார். மனைவி ஏழரைச் சனி பிடித்தவருக்கு ஏற்றபடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தானைக்குள் மறைந்திருந்த கை மட்டும் கறுப்பியின் காதடியைச் சொறிந்துகொண்டே போனது.