வெயில் பெட்டிக்குள் ஒரு சத்தம்

அறுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால், பம்ப்செட் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் செய்யும் சிறிய பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். ஊர் ஊராகக் கரண்ட் வந்து, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் ஸ்டார்ட்டர்கள் முதல் வருஷம் மானத்தை வாங்கிவிட்டன. கிணற்றடித் தகரக் கொட்டகையில் வெயிலும் ஈரமும் மாறிமாறிப் பட்டதும் கருகிப்போகும். தொண்டூர் விவசாயி ஒருவர் கருகியதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, எதிர்க் கடையில் வேறு கம்பெனி ஸ்டார்ட்டர் வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகுதான் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு சோதனைப் பெட்டி வாங்கிவந்து போட்டார். பீரோ உயரம், இரட்டைத் தகரச் சுவர், அடியில் ஹீட்டர், அதற்குமேல் ஒரு தட்டில் தண்ணீர், வெளியே சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கிணற்றடியில் ஸ்டார்ட்டர் ஒரு வருஷம் படுகிற பாட்டை அதற்குள்ளே சில நாளில் பட்டுவிடும். நாங்கள் அதை 'வெயில் பெட்டி' என்போம். அதைத் தொடும் உரிமை எனக்கும் ஃபிட்டருக்கும் மட்டும்தான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

சாயங்காலமே ஸ்டார்ட்டர்களை உள்ளே அடுக்கி வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்ததும் திருகைக் கடைசி வரை திருப்புவேன். திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் அடுக்கியதுதானே, என்ன பார்க்க வேண்டியிருக்கிறது!

அந்த வாரம் மழை விடவே இல்லை. ராஜகிரி மலை இருக்கிற திசையே தெரியவில்லை. ஆற்றில் வெள்ளம், பஸ் எதுவும் ஓடவில்லை. ஒரு நாள் மத்தியானம் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதென்று ஃபிட்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இன்னும் மாதம் ஆகவில்லையே என்று எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

கூரை ஒழுகியிருக்குமோ என்று மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் பட்டறைக்குப் போனேன். பூட்டு திறந்திருந்தது. இன்னொரு சாவி ஃபிட்டரிடம்தான் இருக்கும். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. உள்ளே போனால் வெயில் பெட்டியின் விளக்கு எரிகிறது, கதவு சரியாகச் சாத்தாமல் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கரண்ட் என்ன சும்மாவா வருகிறது? முணுமுணுத்துக்கொண்டே கதவை அழுத்திச் சாத்தினேன். திருகைக் கடைசி வரை திருப்பினேன். சட்டையைக் கழற்றிப் பிழியலாம் என்று திரும்பினேன்.

மெல்லிசாக ஒரு சத்தம். மழைக்குப் பூனைக்குட்டி எங்கேயோ ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்தேன். மேசைக்கு அடியில் பார்த்தேன், இல்லை. மறுபடியும் அதே சத்தம், பெட்டிக்குள்ளிருந்து.

கதவைத் திறந்தேன். சாயங்காலம் நான் அடுக்கியிருந்த ஸ்டார்ட்டர் ஒன்றுகூட உள்ளே இல்லை. ஒரு மூங்கில் கூடை. கூடை நிறையப் பஞ்சு. பஞ்சுக்கு நடுவே என் உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம், வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

திருகைத் திருப்பிய கை என்னுடையதுதானா என்றுகூட அந்த நேரத்தில் தெரியவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கூடையை வெளியே இழுத்தபோது, தலையில் கோணிப்பையும் கையில் பாலாடையுமாக ஃபிட்டர் ஓடிவந்தான்.

"சார், வெளிய எடுக்காதீங்க! குளிர்ல போயிடும் சார்!"

"உள்ள கொழந்த இருக்குதுன்னு தெரியாதுய்யா! கதவச் சாத்தி, சூட்ட முழுசா ஏத்திட்டேன்யா. அழுவுற சத்தம் கேட்டுத்தான் தொறந்தேன்" என்று கத்தினேன். நானும் அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் முகமோ வேறு மாதிரி ஆயிற்று.

"இன்னா சார் சொல்றீங்க? அழுதுச்சா? பொறந்ததுலருந்து சத்தமே இல்ல சார். நர்சம்மாவே கைய விரிச்சிட்டாங்க."

கூடைக்கு மேல் குனிந்தான். "அழு நைனா, நல்லா அழு" என்று கெஞ்சினான். அதுவும் தகப்பன் பேச்சைக் கேட்ட மாதிரி வீறிட்டது.

பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்துபோட்டுச் சூட்டைத் தணித்தோம். பிறகு அவனே திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, கூடையை உள்ளே வைத்தான். பிறகுதான் எல்லாம் சொன்னான். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்றார்களாம், எப்படிப் போவது? சூடு மட்டும் குறையாமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் நர்ஸ். இவனுக்கு இந்தப் பெட்டி ஞாபகம் வந்திருக்கிறது. பெட்டியின் தெர்மாமீட்டரைத் தன் அக்குளில் வைத்துப் பார்த்து, அந்தச் சூட்டுக்கே திருகை நிறுத்தி, காற்றுக்குக் கதவை ஒருக்களித்துவிட்டு, ராத்திரி பூராவும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். மனைவியிடம் பால் வாங்கிவர எழுந்துபோன அந்தச் சிறு இடைவெளியில்தான் நான் வந்து சேர்ந்தேன்.

முதலாளி வந்து பார்த்தார். "டெஸ்டிங் கிஸ்டிங் எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸைக் கையோடு கூட்டிவரப் போனார். வெள்ளம் வடிந்து முதல் பஸ் கிளம்பிய அன்று, தாயும் பிள்ளையும் பாண்டிச்சேரிக்குப் போனார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அந்தச் சத்தம் இன்னும் இரண்டு விநாடி தாமதித்திருந்தால், சட்டையைப் பிழிய நான் வெளியே போயிருப்பேன். அதற்கப்புறம், கதவைத் திறந்து உள்ளே பார்க்காமல் அந்தத் திருகை நான் தொட்டதே இல்லை. ஆனால், எந்த அழுகையைக் கேட்டு நான் பாதி செத்தேனோ, அந்த அழுகையைக் கேட்கத்தானே ஒருவன் ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தான்!