சத்தத்தைக் குறைத்தது யார்

கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் அன்று காலை அந்த அறையில் நான் தனியாக இல்லை. டாரிலும் டாமாவும் கூட இருந்தார்கள். இருவரும் நான் வேலை செய்யும் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர்கள். டாமா ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், பேய் என்றாலே கெக்கெக்கே என்று சிரிப்பவன். இன்றைக்கு அவனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவான்.

என் பெயர் ரஸ்ஸல். வீடு மாண்டுராவில். வேலை வடக்கே, பில்பராவில் ஓர் இரும்புச் சுரங்கத்தில். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். விமானத்தில் போய் விமானத்தில் வருகிற பிழைப்பு. இதில் சம்பளம் நன்றாக வரும், நிம்மதி வராது. நான் இல்லாத இரண்டு வாரம் என் மனைவி கெய்லீன் என்ன செய்கிறாள் என்று மண்டைக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் நான் விமானம் ஏறியதுமே பன்பரியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்பாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் பதிவாகிற ஃபுட்டி ஆட்டங்களை, அதாவது எங்கள் ஊர்க் கால்பந்தை, சுரங்கத்திலிருந்து பார்க்க டிவியோடு ஒரு பெட்டி மாட்டியிருந்தேன். என் மடிக்கணினியில் படம் வந்துவிடும். ஒரே தொல்லை, பெட்டி ஒன்றுதான். நான் இங்கே எதைப் போட்டாலும் வீட்டு டிவியிலும் அதுதான் ஓடும். வீட்டில் யார் ரிமோட்டைத் தொட்டாலும் என் திரையிலும் தெரியும். கெய்லீன் சமையல் நிகழ்ச்சி பார்க்கிற நேரத்தில் ஆட்டத்தைப் போட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வாரம் எங்களுக்கு இரவு ஷிஃப்ட். சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்போது நாங்கள் தூக்கத்தில் இருப்போம். ஞாயிறு காலை வேலை முடிந்து வந்து, பீரும் கையுமாகப் பதிவைப் பார்ப்போம். அதுவரை யார் ஜெயித்தது என்று ஒருவரும் மூச்சு விடக்கூடாது. லாரி வயர்லெஸ்ஸில்கூட அந்தப் பேச்சு வராது. போன்களையெல்லாம் ஒரு காலி ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே டாரில் உட்கார்ந்துகொள்வான்.

என் அறை ஒரு தகரக் கூண்டு. பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே திரை வெளிச்சம் மட்டும்.

ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் ஐஸ் பெட்டிக்குள் ஒரு போன் அடித்தது. என்னுடையது.

"எந்திரிடா, எடுக்கணும்."

"மாட்டேன். போன வாட்டி இப்படித்தான் உன் மாமனாரு போன் பண்ணி ஸ்கோரச் சொல்லித் தொலைச்சாரு."

நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும்... டாரில் அசையவில்லை. எங்கள் சட்டம் அப்படி.

அப்போது ஆட்டம் நின்றது. திரையில் நிறுத்தக் குறி. நான் ஓட்டினேன். உடனே நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது.

"நெட் சரியில்ல," என்றேன்.

நெட் போனால் பட்டியல் திறக்காது. இங்கே திறந்தது. கெய்லீன் பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சிகள். தேர்வுக் குறி மெதுவாக ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் நின்றது. அவள் என்னென்ன பார்க்கிறாள் என்று யாரோ துருவிக்கொண்டிருந்தார்கள்.

டாரில் இளித்தான். "என்ன மாப்ள, பொண்டாட்டி ஊர்ல இல்லேன்ன? ரிமோட் தனியா வீட்டப் பாத்துக்குதா?"

"வாய மூடுடா," என்றான் டாமா.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அக்கா வீடாம். பன்பரியாம். எவனோ ஒருத்தன் என் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு... டாரிலைத் தள்ளிவிட்டு போனை எடுத்தேன். கூப்பிட்டது அத்தனையும் கெய்லீன். திரும்ப அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். சாட்சி இருக்கட்டும் என்று.

"எத்தன வாட்டி கூப்புடறது? எங்க இருக்க நீ?"

"சுரங்கத்துல. வேற எங்க?"

"நெசமாவா?"

நான் தூரத்தில்தான் இருக்கிறேனா என்று உறுதி செய்துகொள்கிறாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

"வீட்டுல யாரு, கெய்லீன்?"

"வீட்டுல யாரும் இல்ல. நான் இப்பத்தான் பன்பரில இருந்து வரேன். துணி எடுத்துட்டுத் திரும்பிடுவேன். இதோ, வீட்டு வாசல்."

கார் நின்றது போனில் கேட்டது.

திரையில் பட்டியல் மறைந்தது.

ஆட்டம் தானாக ஓடியது. கூட்டத்தின் கூச்சல். அதன் மேல் ஒலியைக் காட்டும் கோடு தோன்றியது.

ஒரு கட்டம் குறைந்தது...

இன்னொரு கட்டம்...

போனில் சரளைக்கல் மேல் அவள் காலடி. சரக்... சரக்...

இன்னொரு கட்டம்...

வாசல் சத்தத்துக்கு யாரோ காது கொடுக்கிறார்கள். மூன்று பேருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது. டாரில் இப்போது இளிக்கவில்லை.

"கெய்லீன், உள்ள போகாத."

"ஏன்? எனக்குத் தெரியாம உள்ள என்ன வெச்சிருக்க?"

ஒலி முழுதும் போயிற்று.

காலடியும் நின்றது.

போனில் அவள் மூச்சு மட்டும்...

"இதுக்குத்தானா?" என்றாள்.

"என்ன?"

"ஜன்னல்ல தெரியுது ரஸ்ஸல். சோபாவுல உக்காந்திருக்க. கையில ரிமோட்டு. சுரங்கத்துல இருக்கேன்னு வாய் கூசாமப் பொய் சொல்ற."



டாமா போனைப் பிடுங்கினான். "கெய்லீன், நான் டாமா. இவன் எங்கூட இருக்கான். சத்தியமா. வண்டியில ஏறு."

"நீயும் கூட்டா?"

பிறகு அவள் குரல் விலகியது. வேறு பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"என்ன சிரிப்பு உனக்கு?"

இங்கே யாரும் சிரிக்கவில்லை.

கார்க் கதவு அறைந்து மூடியது. வண்டி உறுமிக்கொண்டு போனது. இணைப்பும் போனது.

திரையில் அந்தக் கோடு திரும்ப வந்தது. ஒரு கட்டம் ஏறியது. இன்னொன்று... கூட்டம் மறுபடி கத்தியது.

டாரில் மடிக்கணினியை அறைந்து மூடினான்.

நாங்கள் சொல்லி போலீஸ் போய்ப் பார்த்தது. பூட்டு பூட்டினபடி இருந்தது. டிவி அணைந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஊர் திரும்பியதும் டாமாவை அழைத்துக்கொண்டு பன்பரி போனேன். அவள் அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். கெய்லீன் என் பக்கமே திரும்பவில்லை. இதோடு என் குடித்தனம் முடிந்தது என்றே நினைத்தேன். டாமா, இறந்துபோன தன் அம்மா மேல் சத்தியம் செய்து, நான் சுரங்கத்தை விட்டு நகரவில்லை என்றான். அந்தச் சத்தியத்தை அவன் விளையாட்டுக்குச் செய்கிறவனில்லை. கெய்லீனுக்கும் அது தெரியும்.

அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்ப, முன்னாடி ராத்திரியெல்லாம் வந்ததும் நீ இல்லையா?"

"எந்த ராத்திரி?"

அவள் அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்குமுன், நான் கிளம்பிப் போன பிறகு பல ராத்திரி கூடத்தில் டிவி ஓடுமாம். சத்தமே இருக்காதாம். சோபாவில் என் பின்தலை தெரியுமாம். அவளை வேவு பார்க்க நான் திருட்டுத்தனமாக வருகிறேன் என்று நினைத்து, ஆத்திரத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வாளாம். அது பொறுக்காமல்தான் அக்கா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டேன். ஒரு ராத்திரி உள்ள வந்து பக்கத்துல படுத்தியே, அப்பக் கேட்டேன்."

"நான்... என்ன சொன்னேன்?"

கெய்லீன் டாமாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஒண்ணும் சொல்லல. என் கையப் புடிச்சுக்கிட்ட. விடியிற வரைக்கும் விடல."