பாறைக்குப் போகும் படகு

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த கையோடு, திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து பஸ் பேசிக் கன்னியாகுமரிக்குக் கிளம்பினோம். கடலுக்கு நடுவே பாறைமேல் நிற்கும் மண்டபத்தைக் காலண்டரில் பார்த்ததிலிருந்து அத்தைக்கு அங்கே போக வேண்டும் என்று ஒரே ஆசை. அப்பாவின் தங்கை அவள். கணவர் இறந்து இரண்டு வருடமாக வீட்டுவாசலைத் தாண்டாதவள்.

பஸ்ஸுக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது அப்பா, "நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லும்மா, எல்லாரும் ஏறட்டும்" என்றார். தாலியறுத்தவள் எதிரே நிற்கக்கூடாதாம். அத்தை புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்று, கடைசி ஆளாக ஏறினாள். எனக்குப் பன்னிரண்டு வயது. ஜன்னல் சீட்டைப் பிடித்த சந்தோஷத்தில் அதெல்லாம் உறைக்கவில்லை.

படகுத்துறையில் வெயில் மண்டையைப் பிளந்தது. அன்று ஓடியது ஒரே படகு. கொண்டுபோனவர்களைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த ஆட்களை ஏற்றும். கியூ நகர நகர அத்தை ஒதுங்கி ஒதுங்கி எல்லோருக்கும் வழிவிட்டாள். "நீங்க போங்க, நான் கடைசியா வர்றேன்." நானும் அவள் கையை உதறிவிட்டுப் படகில் தாவினேன். ஆள் நிரம்பிவிட்டதென்று அவளுக்கு முன்னால் கம்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"பரவால்ல, பாத்துட்டு வாங்க" என்று சிரித்தாள். அம்மா படகுக்காரரிடம் சண்டை போட்டுக் கதவைத் திறக்கவைத்து இறங்கினாள். "இப்பிடி ஒதுங்கிக்கினே இருந்தா நீ எப்பம்மா பாக்கறது?"

பாறையில் கால் வைக்க முடியாத சூடு. அப்பா மண்டபத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கரைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "நாந்தான அவள அந்தாண்ட நிக்கச் சொன்னேன்" என்றார். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

நாங்கள் திரும்பி இறங்கியபோது அத்தையை முதல் ஆளாக நிறுத்தி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. அதற்குள் எங்கள் பஸ் டிரைவர் வந்து கத்தினார்: "ஜல்தி வாங்க, நேரமாச்சு!" உடனே அத்தை விலகப் பார்த்தாள்.

அப்பா வழியை மறித்து நின்றார். "பஸ்ஸு நிக்கட்டும். நீ மொதல்ல ஏறும்மா. அப்பறமாத்தான் மத்தவங்க."

அத்தனை பேருக்கும் முன்னால் அத்தை படகில் வலது காலை எடுத்து வைத்தாள். ஏறியதும், வழிவிடுவதற்காகச் சட்டென்று ஓரமாக ஒதுங்கினாள். படகில் வேறு யாருமே இல்லை.

அதைப் பார்த்துத்தான் அப்பா அழுதார்.