கதவு சாரும் பகல் பேயும்

பேய்ப்படம் பார்க்க வேண்டி வந்தால் சார் நாற்காலியை முதலில் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வார். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையக் கூடாது. பிறகு எழுந்து போய் ஜன்னல் கர்ட்டனை முழுக்க விலக்குவார். வெயில் அடித்துப் படம் வெளிறிப்போனாலும் அவருக்குக் கவலையில்லை. கடைசியாக மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ம், போடுப்பா" என்பார். கண்ணாடி இல்லையென்றால் அவருக்குக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே கலங்கல். "பேயும் கலங்கலாத்தானே தெரியும். அது போதும்" என்பது அவர் கணக்கு.

கல்லூரியில் சினிமா சொல்லிக்கொடுப்பவர். நான் அதே துறையில் ஒலிப்பதிவுப் பாடம் எடுக்கிறேன். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, ஒரு பேய்ப்படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. இரண்டு நிமிடம் ஓட வேண்டும், முடிவில் படத்தின் பெயர் வர வேண்டும். அதற்கு மதிப்பெண் போடும் பொறுப்பு பல வருடங்களாக இவர் தலையில். ஆளைப் பார்த்தால் ஆறடிக்கு மேல் உயரம். அகலத்துக்கும் குறைச்சல் இல்லை. கீழ்த்தளத்தில் தும்மினால் மாடியில் எங்களுக்குக் கேட்கும். இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு பேய்ப்படத்துக்கு இவ்வளவு பயப்படுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் கதவு சார். அவர் வாசலில் வந்து நின்றால் வகுப்புக்குள் வெளிச்சம் குறைந்துவிடும் என்பது ஒரு காரணம். யார் படத்திலாவது கதவு கிறீச்சிட்டால் அங்கேயே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார் என்பது இன்னொன்று. "ஏம்ப்பா, ஊர்ல ஒரு வீட்லயும் எண்ணெய் இல்லையா? கீல்ல ரெண்டு சொட்டு விட்டிருந்தா கதையே நடந்திருக்காது." இருட்டுக்குள் நடந்துகொண்டே "யாரு? யாரு அங்க?" என்று கேட்கும் கதாநாயகிகளிடம் அவருக்குத் தனிக் கோபம். "சுவிட்ச் பக்கத்துலதானேம்மா இருக்கு. யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடி லைட்ட போட்டா என்ன?" முகத்தில் முடியைப் போட்டு மறைத்துக்கொண்டு ஒரு பெண் மூலையில் நின்றால், "முதல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு ஹேர்பேண்ட் வாங்கிக் குடுங்க. பாவம், சுவத்துல முட்டிக்கப் போகுது."

இத்தனை சொல்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கக் கூடாது. "இப்ப குனிஞ்சு மூஞ்சி கழுவுவா. நிமிருவா. கண்ணாடில பின்னாடி ஒருத்தி நிப்பா" என்று முன்கூட்டியே சொல்வார். அவர் சொன்ன ஒருத்தி, சொன்ன இடத்தில், சொன்னபடியே வந்து நிற்பாள். இவர் நாற்காலியோடு துள்ளுவார். பேனா ஒரு பக்கம் பறக்கும். எல்லாம் தெரிந்தும் ஏன் சார் துள்ளுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஊசி போடப்போறாங்கன்னு தெரிஞ்சா வலிக்காதா?" என்றார்.

சாரைப் பயமுறுத்திவிட்டால் தேறிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு கூட்டம் நம்பும். சென்ற வருடம் ஒரு குழு, அமைதியான காட்சியின் நடுவே ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஓர் அலறலை வைத்திருந்தது. சார் எழுந்தே நின்றுவிட்டார். தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்து, அந்தக் குழுவுக்குப் பாதிக்கும் கீழே மதிப்பெண் போட்டார். அந்தப் பையன்கள் நொந்துபோய், "சார், நீங்க பயந்தீங்களே சார்" என்றார்கள்.

"நான் பயந்ததுக்கெல்லாம் மார்க் கிடையாது தம்பி. நான் குக்கர் விசிலுக்கே பயப்படற ஆளு. ஏன் பயந்தேன்னு நீ சொல்லு. அதுக்குத்தான் மார்க்."

படப்பிடிப்புச் சாமான்கள் வைக்கும் அலமாரியில் ஒரு பொம்மை இருக்கிறது. எந்த வருடத்துப் பிள்ளைகள் வாங்கியதோ தெரியாது, அதற்குப் பின் வந்த எல்லா வருடத்துப் பிள்ளைகளும் அதை வைத்துப் படமெடுத்துவிட்டார்கள். ஒரு கண் மூடாது. துறையிலேயே அதிகப் படங்களில் நடித்தது அதுதான். சார் அதை "அம்மணி" என்று மரியாதையாகத்தான் குறிப்பிடுவார். அலமாரியைத் திறக்க வேண்டி வந்தால் என்னைக் கூட அழைத்துப் போவார். "அம்மணி எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்காங்க?" என்று வெளியில் நின்றே கேட்பார். சுவரைப் பார்த்து என்று நான் சொன்ன பிறகுதான் கை உள்ளே போகும்.

வீட்டில் நிலைமை நேரெதிர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவர். கணவர் கொண்டுவரும் மாணவர் படங்களைச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார். கழுத்தறுபட்டு ஒருவன் விழுகிற இடத்தில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ஏங்க, இது ஜாமுங்க. விதை தெரியுது பாருங்க" என்று சொல்வார். பார்த்துச் சொல்ல வேண்டியவர் அப்போது சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் மதிப்பீட்டுக்கு வேறொரு கல்லூரியிலிருந்து ஓர் அம்மா வெளித்தேர்வாளராக வந்திருந்தார். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தார். கையில் மதிப்பீட்டு விதிகளின் அச்சுப்பிரதி. அதன்படி பாதி மதிப்பெண் பேய்ப்பட மரபுகளைப் பயன்படுத்தியதற்கு. இருட்டு உண்டா, ஒரு டிக். தனியாக ஒருவர் மாட்டிக்கொள்கிறாரா, ஒரு டிக். பதற வைக்கும் இசை, ஆயுதம், கதவுக்குப் பின்னால் நிழல், எல்லாவற்றுக்கும் டிக். காலையிலிருந்து வந்த படங்கள் எல்லாம் டிக்குகளை அள்ளிக்கொண்டு போயின. அம்மணி மூன்று படங்களில் வந்தார். சார் வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டி, மதியத்துக்குள் களைத்துப்போயிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குழு வந்தது. இரண்டு பையன்கள், ஒரு பெண். இயக்கம் அந்தப் பெண். குட்டையாக வெட்டிய முடி, தோளில் தன்னைவிடப் பெரிய பை. பையன்கள் இருவரும் அவளோடு சேராமல் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மணியை வைத்து எடுக்கலாம் என்று அவர்கள் சொன்னதும், முடியாது என்று இவள் மறுத்ததும், அதனால் சண்டை வந்ததும் துறை முழுக்கத் தெரிந்த விஷயம். இந்தத் தாளில் தேறாவிட்டால் மூவருமே இரண்டாம் ஆண்டைத் திரும்பப் படிக்க வேண்டும்.

படம் ஓடியது. பட்டப்பகல். ஒரு சாதாரண வீட்டு வாசல். வேலையிலிருந்து திரும்புகிற நடுத்தர வயது மனிதர் ஒருவர் படியேறி வருகிறார். குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கிறார். கழற்றிய ஷூவைச் சுவரோரம் வைக்கிறார். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறது. அதே கறுப்பு ஷூ, அதே அளவு. இடது குதிகால் அதேபோல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. அவர் இரண்டையும் பார்க்கிறார். உள்ளேயிருந்து யாரோ இருமுகிறார்கள். அவர் இருமல்தான் அது. படியேறும்போது அவர் அப்படித்தான் இருமியிருந்தார். அவர் கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு, வேறென்ன செய்வது என்பதுபோல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொள்கிறது. படத்தின் பெயர் வருகிறது: வாசள்.

சார் துள்ளவில்லை. பேனா கையிலேயே இருந்தது. நெற்றியில் இருந்த மூக்குக்கண்ணாடி எப்போது மூக்குக்கு இறங்கியது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா தாளைப் புரட்டினார். "இருட்டு இல்ல. மியூசிக் இல்ல. ஆயுதம், நிழல், துரத்தல், ஒண்ணுமே இல்ல. அந்த ஆளு நடிக்கக்கூட இல்ல சார். பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறாரு. மரபுன்னு நான் எதுக்கு டிக் போட?"

"அதான் மேடம் விஷயமே." சார் முன்னால் நகர்ந்தார். "தெரியாம விட்டதில்ல, வேணும்னே விட்டிருக்காங்க. இருட்டுல பயமுறுத்த யாராலயும் முடியும். வெயில்ல பயமுறுத்த எவ்வளவு துணிச்சல் வேணும்? மியூசிக் போட்டா எப்ப பயப்படணும்னு அது சொல்லிடும். இங்க சொல்றதுக்கு ஆளே இல்ல. மரபு தெரிஞ்சவங்கதான் மேடம் இப்படி மீற முடியும். நீங்களே கேட்டுப் பாருங்க."

அம்மா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா பகல்ல எடுத்தீங்க?"

"அது எங்க சித்தப்பா மேடம். அவருக்கு நைட் ஷிப்ட். பகல்லதான் வீட்ல இருப்பாரு."

சார் முகம் லேசாக மாறியது.

"மியூசிக் ஏன் இல்ல?"

"போட்டோம் மேடம். அந்த ஃபைல் ஓப்பன் ஆகல."

"அவரு ஏன் பயப்படவே மாட்டேங்கறாரு?"

"நான் சொன்னேன் மேடம். பயப்படுங்க சித்தப்பான்னு நாலஞ்சு தடவ சொன்னேன். எனக்குத் தூக்கம் வருது, சீக்கிரம் முடின்னாரு."

சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மற்ற படங்களுக்கு மூடியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. விரல்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. தள்ளி உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவன், மூன்றாம் ஆண்டு போயே போய்விட்டது என்கிற தோரணையில் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். அம்மா பென்சிலை உருவி எழுத ஆரம்பித்தார்.

"அந்த ரெண்டு ஜோடி ஷூ?" சார் கைகளுக்குள்ளிருந்தே கேட்டார். அதில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பதில் வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"அது மட்டும் நான் யோசிச்சது சார்."

"எப்படி?"

"சித்தப்பா ஒரே மாதிரி ரெண்டு ஜோடி வச்சிருப்பாரு சார். நான் ஸ்கூல் படிக்கறப்ப ஒரு நாள் சாயங்காலம் வந்தேன். ஷூ வாசல்ல இருந்துச்சு. சரி, சித்தப்பா வீட்லதான் இருக்காருன்னு நினைச்சுட்டேன். நான் ஹால்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே அவர்கிட்ட பேசிட்டிருந்தேன். அவரு உள் ரூம்ல இருக்காருன்னு நினைச்சு. டீச்சர் திட்டினது, பரீட்சை, எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம்."

"சரி."

"அப்புறம் சித்தப்பா வெளியில இருந்து வந்தாரு சார். வாசல்ல உக்காந்து ஷூவ கழட்டினாரு."

அம்மாவின் பென்சில் நின்றிருந்தது.

"சரி, உள்ள ஆள் இல்ல. நீ தனியா பேசியிருக்க. அவ்வளவுதானே?" என்றார் அம்மா. அவ்வளவுதான் என்று அவள் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பியது குரலில் தெரிந்தது.

"ஆமா மேடம். ஆனா நான் பேசப் பேச உள்ள இருந்து 'ம்', 'ம்'னு கேட்டுச்சு."

"யாரு?"

"தெரியல மேடம். வீட்ல எல்லாரும் பிரமைன்னாங்க. பிரமையாத்தான் இருக்கும்."

பையன்கள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜிப்பை மூடியவன் மெதுவாகக் கேட்டான். "அந்த வீட்லதானே ஷூட்டிங் பண்ணோம். இத ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சார் வாதாடத் தயாராக வாயைத் திறந்தார். தேவைப்படவில்லை. "ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சும் உள்ள போற ஆளு. மரபுதான்" என்று அவரே சொல்லி டிக் போட்டார். "உள்ள இருந்து வர்ற சத்தம். அதுவும் மரபு." இன்னொரு டிக். "தனிமை. ம்ஹும், அது இல்ல. வீட்ல வேற யாரோ இருக்காங்களே" என்றவர், சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு அவசரமாக அடுத்த வரிக்குப் போனார். நல்ல மதிப்பெண்ணாகவே வந்தது. வாசலுக்கு ள போட்டதற்கு மட்டும் குறைத்தார். அதில் சாருக்கும் மறுப்பில்லை. சாரே கதவைத் திறந்து, "தேறிட்டீங்க, போங்க. ல, ள மட்டும் கத்துக்குங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். பையன்களில் ஒருவன் அவளுடைய பெரிய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

மாலையில் சாரை என் காரில் ஏற்றிக்கொண்டேன். முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டார். சிக்னலில் நின்றபோது, "மத்ததெல்லாம் படம் முடிஞ்சதும் முடிஞ்சிடும். இந்தப் பிள்ளையோடது கூடவே வருதுப்பா" என்றார்.

"ஏன் பயந்தீங்கன்னு சொல்லுங்க சார். மார்க் தரேன்" என்றேன்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் வீட்டு முன் இறக்கிவிட்டேன். இன்னும் வெயில் இருந்தது. படியேறியவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே அழைப்பு மணியை அழுத்தினார். திறக்கும்வரை அழுத்தினார். மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து கதவைத் திறந்தார்.

"கையில சாவிய வச்சுக்கிட்டு எதுக்குங்க மணி அடிக்கறீங்க?"

"நீ உள்ள இருக்கியான்னு பாத்தேன்."

"நான் இல்லாம வேற யாரு இருப்பா?"

சார் குனிந்து, நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றினார். கழற்றியதை வாசலில் விடாமல், இரண்டையும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.